மின்னல் பட்டையைத் தின்றது யார்?

துப்பறியும் சென்னப்பன் இடிகரட்டுக் குன்றின் உச்சிக்கு ஏறுவதற்குள் பல முறை விழுந்தார். விழுந்த ஒவ்வொரு முறையும் உடனே எழுந்துவிடாமல் தரையை உற்றுப் பார்த்தார். தடயம் தேடுகிறாராம்.

"கெடச்சுதுங்களா சார்?" என்றான் பின்னால் வந்த மாயவன்.

"எது?"

"தடயங்க. இல்லீன்னா முட்டித் தோலாச்சும் கெடச்சுதுங்களா?"

மாயவன் ஒரு காலத்தில் அரூர் - சேலம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே தள்ளுவதற்கும் உள்ளே நசுங்குகிறவனைச் சிரிக்க வைப்பதற்கும் அவனுக்கு வாய் ஒன்றுதான் ஆயுதம். அந்த வாய் ஒருநாள் பஸ் முதலாளியையே சிரிக்க வைக்கப் பார்த்தது, வேலை போயிற்று. அன்றிலிருந்து தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில், சென்னப்பன் துப்பறியும் நிலையத்தில் உதவியாளன்.

மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று விசாரிப்பதும் காணாமல் போன எருமையைத் தேடுவதுமாகத்தான் அந்த நிலையத்தின் காலம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகத் தேடிய எருமை தானாகவே வீடு திரும்பி, இவர்கள் தேடுவதை வேலிக்குள் நின்று வேடிக்கை பார்த்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவர் வானம் ஏறி வைகுண்டம் போகப் பார்த்த கதையாக, இப்போது இடி விழுந்த வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

உச்சியில் என்ஜினியர் சவுரியப்பன் காத்திருந்தார். கரட்டின் அடிவாரத்திலிருக்கும் சூசைக்கொட்டாய்தான் அவருக்குச் சொந்த ஊர். பெங்களூரில் ஒரு விமான ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை. அவருக்குப் பின்னால், இரும்புத் தாங்கியின் மேல், ஆள் உயரத்தைத் தாண்டி ஒரு விமான வால் நின்றது. வால் மட்டும்தான். மாயவன் கரட்டின் மறுபக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"மீதி எங்கீங்க?"

"மீதி இன்னும் செய்யலீங்க. இது பாஸானாத்தான் செய்வாங்க" என்றார் சவுரியப்பன். "இது அலுமினியம் இல்ல, கார்பன் நார். துணியா நெய்ஞ்சு, பசையில ஊற வெச்சு, அடுக்கடுக்காப் போட்டுச் சுட்டு எடுக்கறது. எடை கம்மி, பலம் ஜாஸ்தி. ஆனா ஒரு கெட்ட கொணம். இடி விழுந்தா அலுமினிய வாலு மின்சாரத்த மேலோட கடத்தி விட்டுரும். கார்பனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல. சூடாயி அடுக்கடுக்கா உப்பிக்கும்."

"அப்பளமாட்டம்."

"அப்பளமேதான். அதுக்குத்தான் மேல மெல்லிசா செம்பு வலை ஒட்டியிருக்கேன். இடி வலையில ஓடி, இந்த அலுமினியப் பட்டையில எறங்கி, மண்ணுக்குள்ள போயிரணும். வாலு பொழைச்சுக்கணும். இங்கதான் அடிக்கடி இடி விழும்னு சொல்லி, எங்கூர்க் கரட்டுக்கே கொண்டாந்து நட்டேன்."

வால் பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் விழுந்த இடியில் அதன் உச்சி மூலை கருகி, அடுக்குகள் பிரிந்து வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. காரணம் கண்ணெதிரே இருந்தது. வலையிலிருந்து மண்ணுக்கு இறங்கும் பட்டையில், வலையோடு சேர்த்து முடுக்கியிருந்த மேல் பகுதியை ஒரு சாண் நீளத்துக்குக் காணோம். இறங்க வழியில்லாத இடி, வந்த இடத்திலேயே வெடித்துவிட்டது.

"எவனோ வெட்டிட்டுப் போயிட்டான்" என்றார் சவுரியப்பன். "சாயங்காலம் எங்க டைரக்டர் வர்றாரு. வலை இருந்தும் வாலு கருகிருச்சு, அப்புறம் வலை என்னாத்துக்குன்னு கேப்பாரு. வலையே இல்லாம வாலு செஞ்சு பறக்க விட்டுருவாங்க. என்னய ஸ்டோர்ஸ்ல நட்டு எண்ண உக்கார வெப்பாங்க, அது கெடக்குது. ஆனா அந்த விமானத்துல ஆளு போவாங்களே சார்? அவரு வர்றதுக்குள்ள எனக்குத் திருடன் வேணும். யாரா இருந்தாலும் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்."

மாயவனுக்கு அந்த மனிதர் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. வாயில் வந்த நக்கலை அப்படியே விழுங்கிக்கொண்டான். அது அவனுக்கு வழக்கமில்லாத காரியம், விக்கல் எடுத்தது.

சென்னப்பன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பட்டையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கண்ணாடி வழியாக மாயவனையும் ஒரு முறை பார்த்தார்.

"மாயவா, செம்பு ஒசத்தியா, அலுமினியம் ஒசத்தியா?"

"செம்புதாங்க. செம்ப விட்டுட்டு அலுமினியத்த எடுத்தவன், கல்யாண வூட்டுல பாயசத்த விட்டுட்டு எலையத் தின்னுட்டுப் போனவனா இருப்பான்."

"ஒண்ணு. ரெண்டாவது, இது வெட்டுன பட்டை இல்ல. அரம் போட்ட தடமில்ல, கத்தரி வெச்ச தடமில்ல. ஓரமெல்லாம் எலி கடிச்ச பிஸ்கட்டாட்டம் பொடியுது. சுத்தி வெள்ளப் பவுடரு வேற. மூணாவது..." அவர் ஒரு அடி பின்வாங்கினார். நல்லவேளை, விழவில்லை. "வெயில்லயும் மழையிலயும் மாசக்கணக்கா நிக்கற செம்பு கறுத்துப் போயிருக்கணுமா இல்லியா? இது ஏன் கல்யாணப் பொண்ணாட்டம் மின்னுது?"

சவுரியப்பன் விழித்தார். "என் வலை நல்ல வலை, அதான் கறுக்கலன்னு போன தடவ வந்தப்ப நெனச்சுக்கிட்டேன்."

"மேல பாருங்க."

மேலே பார்த்தார்கள். வாலின் உச்சிப் பகுதியில் செம்பு தவிட்டு நிறத்தில் மங்கித்தான் இருந்தது. குறிப்பிட்ட ஒரு மட்டத்துக்குக் கீழேதான் பளபளப்பு. யாரோ கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது. மாயவன் வாலை ஒட்டி நின்று கையைத் தூக்கினான். கை அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு முழம் போயிற்று.

"வந்தவரு குட்டையான ஆளுங்க சார்" என்றான்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் சென்னப்பன். மாயவன் சொன்ன பிறகு சொல்ல வருவது அவருடைய தொழில் ரகசியம். வலையின் கண்ணிகளில் பழுப்பாக ஏதோ நார் சிக்கியிருந்ததை இடுக்கியால் பிடுங்கித் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

மூவரும் இறங்கினார்கள். கரட்டுக்கு ஏற ஒரே ஒரு தடம். அந்தத் தடத்தின் வாயிலில் ஓலைக் கொட்டகை போட்டுக் காவல்காரர் தர்மன் உட்கார்ந்திருந்தார். நல்ல நெடிய ஆள். நெற்றி நிறைய வெள்ளைப் பட்டை.

"ஒரு காக்கா கூட என்னத் தாண்டி மேல போனதில்லீங்க" என்றார் தர்மன். "என் மேல சந்தேகப்பட்டா கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றேனுங்க."

சென்னப்பன் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தார். "திருநீறு எந்தக் கோயில்லப்பா?"

"கோயில் இல்லீங்க. மேல வால்சாமி குடுக்கறது."

"யாரு?"

"வாலுங்க. இடியத் தாங்கிக்கிட்டு ஊரக் காப்பாத்தறதுக்கு வந்து நிக்குதே, சாமி இல்லாம வேற என்னாங்க? பட்டையோரமா திருநீறாப் பூத்துக் கெடக்கும். டெய்லி வழிச்சு இட்டுக்குவேன். இட்டதுலேர்ந்து எனக்குத் தலவலியே இல்லீங்க."

மாயவன் அந்த நெற்றியைக் கிட்டே போய்ப் பார்த்தான்.

"சார், காணாமப் போன பட்டை கெடச்சிருச்சு. இவரு நெத்தியில இருக்குது."

சவுரியப்பன் பாய்ந்து தர்மனின் சட்டையைப் பிடித்தார். "வேலியே பயிர மேஞ்சிருச்சு! நீதானா?"

"உடுங்க, உடுங்க" என்று சென்னப்பன் குறுக்கே விழுந்தார். "இவரு எடுத்தது பவுடருதான். பட்டைய யாரும் திருடல. அது அங்கயே இத்துப் போயி உதிர்ந்திருக்குது. அது ஏன் இத்துச்சு? நீங்கதான் என்ஜினியரு, சொல்லுங்க."

சட்டையை விடாமலே சவுரியப்பன் யோசித்தார். "கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கிட்டு இருந்தா ஆவாதுங்க. நடுவுல உப்புத்தண்ணி பட்டா, பேட்டரியாட்டம் வேல செஞ்சு அலுமினியத்தத் தின்னுரும். கடலோரமா பறக்கற விமானத்துக்கு அது வரும், அதுவும் வருசக்கணக்குல. இது தருமபுரிங்க! இங்க குடிக்கவே தண்ணி இல்ல, உப்புத்தண்ணி எங்கிருந்து வரும்?"

சென்னப்பன் தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த நாரை எடுத்து, யாரும் தடுப்பதற்குள் நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். அவருடைய ஆய்வுக்கூடம் அந்த வாய்தான்.

"புளி" என்றார். "கல்லுப்பும் இருக்குது."

"மொளகும் இருந்தா ரசங்க" என்றான் மாயவன்.

"தர்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. யாருமே மேல போவலியா?"

"யாருமே போவலீங்க."

"ஒருத்தர் கூடவா?"

"ஒருத்தருமே இல்லீங்க. என்ஜினியர் சாரோட அம்மா மட்டும் சனிக்கெழமயானா கூடைய எடுத்துக்கிட்டுப் போவாங்க. பெத்த தாயப் போயி, யாரோ வந்தாங்கன்னு சொல்ல முடியுங்களா?"

சட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்து விழுந்தது. சவுரியப்பனின் முகத்தைப் பார்க்க மாயவனுக்குத் தைரியம் வரவில்லை. யாரா இருந்தாலும் போலீஸ் என்று சொன்னவர் அவர். தமாஷ் பண்ணுவதற்கு இதைவிட வாகான இடம் கிடைக்காது. ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

திறக்க நேரமும் இல்லை. ஊர்ப்பக்கமிருந்து ஆரோக்கியம்மாளே வந்துகொண்டிருந்தார். குட்டையான உருவம், இடுப்பில் கூடை. கூடையில் தேங்காய் நார், ஒரு உருண்டைப் புளி, கைப்பிடிக் கல்லுப்பு, தண்ணீர்ச் செம்பு.

"பெங்களூர்ப் பெரியவரு வர்றாருன்னியே ராசா" என்றார் மகனிடம். "கருகுனது கருகிப்போச்சு, மிச்சத்தையாச்சும் வெளக்கி வெக்கலாம்னு வந்தேன். வர்றவங்க முன்னால கறுத்த செம்ப வெக்கலாமா? கோயில் திருநாளுக்கு மெழுகுவத்தித் தண்டெல்லாம் நாந்தான் புளி போட்டு வெளக்குவேன். எம்மவன் செஞ்ச சாமான அப்புடியே உடுவனா? வாராவாரம் வெளக்கிப் போட்டேன், கழுவக் கூடத் தண்ணி பத்தாது, தொடச்சு உட்டுட்டு வந்துருவேன்." பிறகுதான் மகனின் முகத்தைக் கவனித்தார். "ஏண்டா, மொகம் என்னா இப்புடிக் கெடக்குது? சாப்புட்டியா?"

சவுரியப்பன் பதில் சொல்வதற்குள் தடத்தில் ஜீப் வந்து நின்றது. சாயங்காலம் வருவதாகச் சொன்ன டைரக்டர் சேஷகிரி ராவ் மத்தியானமே வந்துவிட்டார். பெரிய அதிகாரிகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு.

எல்லோருமாக மறுபடி ஏறினார்கள். ஆரோக்கியம்மாள் கூடையோடு முன்னால் போனார். சென்னப்பன் இந்த முறையும் விழுந்தார், ஆனால் தடயம் தேடவில்லை.

டைரக்டர் கருகிய வாலைச் சுற்றி வந்தார். கன்னடம் கலந்த தமிழில், "பட்டையை யார் கெடுத்தது? கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

சென்னப்பன் தொண்டையைச் செருமினார். குற்றவாளியை நோக்கி விரல் நீட்டுவதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர் அவர். கண்ணாடி முன் நின்று பழகிய விரல் அது. அந்த விரல் கம்பீரமாக எழுந்தது. எழுந்து, ஆரோக்கியம்மாளின் பக்கம் திரும்பப் பார்த்து, நடு வானத்தில் நின்றுவிட்டது.

"எங்கம்மாதான் சார்" என்றார் சவுரியப்பன். "புளியும் உப்பும் போட்டு வெளக்கியிருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பட்டை இத்துப்போயிருச்சு, அதான் வாலு கருகிருச்சு."

ஆரோக்கியம்மாள் மகனைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், பிறகு கூடையிலிருந்த புளியைப் பார்த்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலயாடா?" என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று பாறைக்குச் சொல்வது மாதிரித் தனக்குள் முனகினார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

டைரக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் அந்த இடத்துக்கு அது தேவையில்லாத சிரிப்பு. "சவுரி, ஒரு அம்மாவோட கையைத் தாங்காதது ஆகாசத்தைத் தாங்குமா? வேண்டாம்பா. வலை விஷயம் இங்கேயே முடிஞ்சுது."

மாயவனுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் அவனுக்குப் பழைய கண்டக்டர் புத்தி வந்துவிடும். மேலேயிருந்து கீழே வரை எல்லா டிக்கெட்டையும் பரிசோதிக்கிறவன் மாதிரிப் பட்டையின் மேல் கண்ணை ஓட்டினான். மேலே இத்துப் போயிருந்தது. நடுவில் தொங்கியது. கீழே, வாலின் அடியோரத்தில், அதே பட்டையை இன்னொரு பிடி போட்டு வாலோடு முடுக்கியிருந்தார்கள். அங்கேயும் புளி நார் ஒட்டியிருந்தது. ஆனால் பட்டை புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

"பெரியய்யா, ஒரு சந்தேகங்க" என்றான். "அம்மா மேலயும் வெளக்கியிருக்காங்க, கீழயும் வெளக்கியிருக்காங்க. அதே புளி, அதே உப்பு. மேல தின்னுருக்குது, கீழ தொடவே இல்ல. புளிக்கு மூஞ்சி பாத்துத் தின்னத் தெரியுங்களா?"

சென்னப்பன் குனிந்து மறு கையால் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பட்டைக்கும் கறுப்புக் கார்பனுக்கும் நடுவே வெள்ளையாக என்னவோ எட்டிப் பார்த்தது.

"இது என்னாங்க?"

"கண்ணாடி நார்த் துணி" என்றார் சவுரியப்பன் மெதுவாக. "நடுவுல அத வெச்சு, ஓரமெல்லாம் பசை பூசிட்டா கார்பனும் அலுமினியமும் தொட்டுக்காது. அரிக்காது."

"அப்ப மேல ஏன் வெக்கல?"

சவுரியப்பன் டைரக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். தாயைக் காட்டிக்கொடுத்த அந்த வாய்க்கு இப்போது பூட்டு விழுந்துவிட்டது.

"சொல்லுங்க சார். டிக்கெட் எடுக்காதவரு யாருன்னு தெரியாம வண்டி நகராது" என்றான் மாயவன்.

"வெச்சிருந்தேன். வேண்டாம்னு எடுக்கச் சொன்னாங்க. எடை கூடுதுன்னு. கீழ மட்டும் ஏற்கெனவே ஒட்டிக் காஞ்சு போச்சு, பிரிக்க முடியல."

"யாரு எடுக்கச் சொன்னது?"

நடு வானத்தில் நின்றிருந்த சென்னப்பனின் விரல், யாரும் கேட்காமலே, மெல்ல மெல்லத் திரும்பி டைரக்டர் சேஷகிரி ராவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. அதன் பிறப்பின் பயனை அது அன்றைக்குத்தான் அடைந்தது.

டைரக்டர் அந்த விரலைப் பார்த்தார். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய முகம். கோபப்படுவார் என்றுதான் மாயவன் எதிர்பார்த்தான், ஓடுவதற்குத் தோதாக ஒரு பாறையைக்கூடப் பார்த்து வைத்திருந்தான். அவர் கோபப்படவில்லை. கையை நீட்டி மேல் பிடியைத் தொட்டார். பட்டையின் மிச்சம் அவர் விரலில் வெள்ளையாக உதிர்ந்தது.

"நான்தான்" என்றார்.

"சார், கடல் காத்து வருசக்கணக்குல செய்யறத எங்கம்மா சனிக்கெழம சனிக்கெழம வந்து செஞ்சுட்டாங்க" என்றார் சவுரியப்பன். "வலை தோக்கல சார். துணியில்லாத எடம் தோத்துச்சு. அவங்க வெளக்கலன்னா இது இன்னும் பல வருசம் கழிச்சு, ஆளுங்க உக்காந்திருக்கற விமானத்துல தெரிஞ்சிருக்கும்."

டைரக்டர் குனிந்து கீழ்ப் பிடியையும் தட்டிப் பார்த்தார், அங்கே எதுவும் உதிரவில்லை. "அடுத்த வாலுக்கு எல்லா இடத்துலயும் துணி வை. வலையும் இருக்கட்டும். எடையை நான் பார்த்துக்கறேன்" என்றார். பிறகு ஆரோக்கியம்மாளின் முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

ஆரோக்கியம்மாளுக்கும் இந்தப் பேச்செல்லாம் முழுதாக விளங்கவில்லை. மகனின் வேலை தப்பித்தது என்பது மட்டும் விளங்கியது. கூடையிலிருந்த புளி உருண்டையை எடுத்துத் தூர எறியக் கையை ஓங்கினார்.

சவுரியப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "எறியாதம்மா. அடுத்த வாலு கொண்டாந்து நடுவேன். அதையும் நீதான் வெளக்கணும்."

"போடா! இன்னொரு தடவ என் கையால ஒடையறதுக்கா?"

"ஒடையறதுன்னா இங்கயே ஒடையட்டும்மா. மேல போனா உள்ள ஆளுங்க இருப்பாங்க."

ஆரோக்கியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புளியைக் கூடைக்குள் பத்திரமாக வைத்தார்.

"அப்புடின்னா இன்னும் பழைய புளியா வாங்கியா" என்றார். "இது இந்த வருசத்துப் புளி, சரியா வெளக்கறதில்ல."